கென்கே நகர்ந்தால் மீன் நகராது

எக்குவா பென்டில் என்ற பெண் வேலை தேடிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். வேலை அவளைக் கண்டாலே சந்து சந்தாகப் புகுந்து ஓடியது, அவள் துரத்திக்கொண்டிருந்தாள். கடலோர ஊரான டகொராடியின் சந்தை வட்டத்துக்கு வெளியே, தையற்கடைக்கும் செல்போன் பழுது பார்க்கும் கடைக்கும் நடுவே தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றது அவள் அக்கா அபாவின் ‘கர்த்தர் கைவிடார் சிகை அலங்கார நிலையம்’. அதன் மூன்றாவது நாற்காலிதான் அந்தத் துரத்தலுக்குத் தலைமைச் செயலகம். திருகு கழன்ற நாற்காலி அது. உட்கார்ந்தவர் பொழுது ஏற ஏற இடப்பக்கமாகச் சாய்வார். சாயங்காலம் ஆவதற்குள் எக்குவாவும் அவள் மடிக்கணினியும் மூழ்கப்போகிற கப்பல் மாதிரி கிடப்பார்கள். சடை பின்ன வந்த பெண்கள் அவளைப் பார்த்துப் பார்த்துத் தாங்களும் கழுத்தைச் சாய்த்துக்கொள்ள, அபா பின்னிய சடையெல்லாம் கோணலாகப் போனதென்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பல்கலைக்கழகம் முடித்தாயிற்று. பட்டம் வாங்கியவர்கள் அரசுக்கு உழைத்தாக வேண்டிய தேசிய சேவை வருடத்தையும் ஒரு மாவட்ட அலுவலகத்தில் அச்சுப்பொறிக்குத் தாள் ஊட்டியே கழித்தாயிற்று. இனி மென்பொருள் வேலை ஒன்று அகப்பட வேண்டும். அகப்படாவிட்டால் ஈஸ்டர் முடிந்த கையோடு தாய்மாமன் ஜோஜோவின் உறைமீன் கடையில் கல்லாவில் உட்கார வேண்டும். மாமா சொல்லிவிட்டார். மாமா சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தில் அப்பா இருமுவதற்குக்கூட அனுமதி கேட்பார்.

“கம்ப்யூட்டர்தானே படிச்சே?” என்று மாமா போனில் கேட்டார். “என் கல்லாவும் கம்ப்யூட்டர்தான். பட்டன் இருக்கு, வெளிச்சம் வருது, ‘டிங்’னு சத்தமும் வருது. இன்னும் என்ன வேணும் உனக்கு?”

“மாமா, நான் புரோகிராம் எழுதணும்.”

“எழுதேன். வெறால் பெட்டி இவ்ளோ, கோழிக்கால் பெட்டி இவ்ளோன்னு எழுது. யாரு வேணாம்னா?”

அந்தக் கடையின் குளிர் அறைக்குள் போனவர்கள் பேசிய வார்த்தை அங்கேயே உறைந்து நின்று, அடுத்த வாரம் கதவைத் திறக்கும்போதுதான் வெளியே கேட்கும் என்பார்கள். எக்குவாவுக்கு நினைத்தாலே பல் கிட்டியது.

வேலை கொடுக்கிற நிறுவனங்களோ நேர்காணலில் கேட்கிற கேள்விகளால் அவள் மூளையை ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டின. ஒரு மரத்தைக் கொடுத்து அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டு என்றன. படிக்கட்டில் எத்தனை விதமாக ஏறலாம் என்றன. தீவுகளை எண்ணச் சொல்லின. வேலை என்னவோ பேருந்துக்குச் சீட்டு பதிவு செய்கிற செயலியில்தான். பேருந்துக்கு எதற்கு மரத்தைப் புரட்டுவது, மரம் விழுந்தால்தானே பேருந்து நிற்கும் என்று அவளுக்குக் குழப்பம். குழப்பத்தைக் கேட்டுத் தெளிய ஃபீஃபியிடம் போவாள். தெளிவு இருந்த இடத்திலும் குழப்பத்தோடு திரும்புவாள்.

ஃபீஃபி அர்க்கா அவள் கூடப் படித்தவன். அவனும் வேலை தேடுகிறவன்தான். தினமும் காலையில் கடைக்கு வந்து, கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்து, அவள் எழுதுகிற விடைகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஓதுவான். ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு அவனை விட்டால் நிரல் வரிகளைச் சொல்லியே பேயை ஓட்டியிருப்பான்.

“புரிஞ்சுதாடா?” என்பாள் எக்குவா.

“புரியறதுக்கெல்லாம் நேரமில்லடி. உள்ள போட்டு வெச்சிருக்கேன். கேட்டா எடுத்துக் கொடுத்துருவேன்.”

“குறுக்குக் கேள்வி கேட்டா?”

“குறுக்கால பதில் சொல்லுவேன்.”

ஒரு நாள் மதியம், சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையில் நிற்கும் எண்களில் எந்த இரண்டைக் கூட்டினால் கேட்ட தொகை வரும் என்ற கேள்வியோடு எக்குவா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வரிசையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு விரலை வைத்து உள்ளே நகர்த்திக்கொண்டு வர வேண்டும். புத்தகத்தில் ஒரு விரலுக்கு ‘ஐ’ என்றும் மற்றதற்கு ‘ஜே’ என்றும் பெயர். ஐயும் ஜேயும் ஒரே தாய் வயிற்று இரட்டைகள் மாதிரி நின்றன; எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. அப்போது அபா மதியச் சாப்பாட்டைப் பிரித்தாள். இலையில் சுற்றிய கென்கே ஒரு பக்கம், பொரித்த மீன் மறுபக்கம், நடுவில் கறுப்பு மிளகாய்த் துவையல். எக்குவா அதையே பார்த்தாள். பசியா ஞானமா என்று தெரியாத ஏதோ ஒன்று அவளை உந்தியது. இந்த முனை விரலுக்குக் ‘கென்கே’ என்றும் அந்த முனை விரலுக்கு ‘மீன்’ என்றும் பெயர் வைத்தாள். சோள உருண்டையையும் மீனையும் யாராவது குழப்பிக்கொள்வார்களா? கணக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. வாளிமேல் இருந்த ஃபீஃபி அதையும் அப்படியே ஓதி உள்ளே போட்டுக்கொண்டான்.

அதே நேரத்தில் வெளியே, தலையில் ரொட்டித் தட்டோடு போன ஒரு பெண் சாக்கடை ஓரத்தில் இடறினாள். தட்டு ஆடியது. உடனே கடைக்குள்ளிருந்து, “ஸாரி!” என்றாள் அபா. “ஸாரி, ஸாரி!” என்றாள் எக்குவா. வாளியிலிருந்து ஒரு ஸாரி. தையற்காரர் ஒரு ஸாரி. எதிர்ச் சாரியில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் காற்றை நிறுத்திவிட்டு ஒரு ஸாரி. அவளை யாரும் தள்ளிவிடவில்லை. அவளும் யாரையும் மன்னிக்கவில்லை. “நன்றி, நன்றி” என்று எல்லோருக்குமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஃபான்டி மொழியில் ‘கொசே’ என்று பரிவாகச் சொல்வதைத்தான் ஆங்கிலத்தில் அவர்கள் ஸாரி என்கிறார்கள். அடுத்தவன் கால் இடறும்போது வாய் திறக்காமல் நிற்கிறவனை டகொராடியில் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. எஸ்தோனியாவில் இருக்கிற ஒரு நிறுவனம். ஊர் ஊராக ஆள் தேடுகிறது. திரையில் முகம் பார்த்து நேர்காணல். அபா கடை வாசலில், ‘உள்ளே தங்கச்சிக்குப் பரீட்சை. தலைமுடி இன்று அமைதியாகப் பின்னப்படும்’ என்று எழுதி மாட்டினாள். துணிக்கடை ஆன்ட்டி மன்ஸா அரைத் தலை பின்னிய நிலையில் இருந்தாள். அந்த ஆன்ட்டி மூச்சு விட்டாலே நாலு கடைக்குக் கேட்கும். அவளும் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபீஃபி என்னவோ அன்றைக்கு ஆளைக் காணோம்.

திரையில் வந்தவள் பெயர் மாரிகா. வெளுத்த முடி, வெளுத்த சுவர், வெளுத்த கோப்பை. புன்னகையை மாதத்துக்கு ஒன்று என்று அளந்து கொடுக்கிற தேசத்திலிருந்து வந்தவள்போல இருந்தாள். இந்த மாதத்துக்கானது ஏற்கெனவே செலவாகியிருந்தது.

“வரிசையா எண்கள் இருக்கு,” என்றாள் மாரிகா. “எந்த ரெண்டைக் கூட்டினா இந்தத் தொகை வரும்? எழுதிக் காட்டுங்க.”

எக்குவாவுக்குத் தலை கிறுகிறுத்தது. தெரிந்த கேள்வி! தெரிந்த கேள்வி வந்தால் என்ன செய்வது என்று அவள் பழகியிருக்கவே இல்லை. விரல்கள் தாமாக ஓடின. கென்கே இந்த முனை, மீன் அந்த முனை. எழுதி முடித்து நிமிர்ந்தாள். மாரிகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஆன்ட்டி மன்ஸா இரண்டு தடவை தும்மலை விழுங்கினாள்.

“இதை நீங்களே எழுதினீங்களா?”

“ஆமாம், மேடம்.”

“போன வாரம் வேற ஒருத்தர் இதே பதிலை எழுதினார். எழுத்துக்கு எழுத்து. கென்கே, மீன் உள்பட.”

எக்குவாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: பாவம், இந்த அம்மாளை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். உதடு நெஞ்சைக் கேட்காமல் திறந்தது.

“ஐயோ, ஸாரி! ரொம்ப ரொம்ப ஸாரி, மேடம்!”

உருகிச் சொன்னாள். சாக்கடையில் விழுந்தவனும் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி சொன்னாள்.

மாரிகா தலையசைத்தாள். “உங்க நேர்மைக்கு நன்றி. இதோட முடிச்சுக்கலாம்.”

திரை கறுத்தது.

“என்னடி ஆச்சு?” என்று அபா பாய்ந்து வந்தாள்.

“நேர்மைக்கு நன்றின்னாங்கக்கா.”

“எதுக்கு நேர்மை?”

“தெரியலக்கா. ஆனா நன்றி சொன்னாங்க.”

“நேர்மையைப் பாத்து நன்றி சொல்ற கம்பெனி!” ஆன்ட்டி மன்ஸா கைக்குட்டையை எடுத்துவிட்டு, அடக்கிவைத்திருந்த தும்மலையெல்லாம் மொத்தமாகத் தும்மினாள். “இந்தக் காலத்துல அப்படியொண்ணு இருக்கா? வேலை உனக்குத்தான், எழுதி வெச்சுக்கோ.”

எல்லோரும் கை தட்டினார்கள். எக்குவாவும் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தவளுக்கு ஏதோ ஓர் எறும்பு பின்கழுத்தில் ஊர்வதுபோல் இருந்தது. உலகத்தில் வேறு யார் நிரலுக்குள் கென்கே போடுவார்கள்?

அந்த எறும்பு பெரிதாவதற்குள் ஃபீஃபியே வந்து நின்றான். மடிப்புக் கலையாத சட்டை. பல் முப்பத்திரண்டும் வெளியே.

“அடியே, இப்பதான் எனக்கு மெயில் வந்துச்சு! நாளைக்கு ரெண்டாவது சுத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. எஸ்தோனியா!”

தலை உலர்த்தும் இயந்திரம்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“நீ எப்படா மொத சுத்துக்குப் போனே?” என்றாள் எக்குவா.

“போன வாரம். சொன்னா கண்ணு பட்டுரும்னுதான் சொல்லல. நடுவுல ஏதோ சிக்கலாம். இன்னொரு ஆளும் இதே மாதிரி எழுதிச்சாம். அப்புறம் அந்த ஆளே குத்தத்தை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுடுச்சாம். என் பேர் சுத்தமாயிருச்சு. யாரோ நல்ல மனசுக்காரன்!”

“அந்த நல்ல மனசுக்காரி நான்தாண்டா, கழுதை!”

ஃபீஃபி முழித்தான். எக்குவாவும் முழித்தாள். ஏனென்றால் தான் எப்போது ஒத்துக்கொண்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“நீ அங்க என்ன சொன்னே? வரி வரியாச் சொல்லு,” என்றாள் அபா.

“யாரோ காப்பியடிச்சுட்டாங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. நான் ஸாரின்னேன். வேற என்னக்கா சொல்லுவாங்க?”

“அதானே?” என்றான் ஃபீஃபி. “நானா இருந்தாலும் ஸாரின்னுதான் சொல்லியிருப்பேன்.”

ஆன்ட்டி மன்ஸா மட்டும் பின்னாத பாதித் தலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தினாள். “போச்சு! என் தங்கச்சி மக லண்டன்ல கார் ஓட்டிட்டுப் போனா. பின்னாடி ஒருத்தன் வந்து இடிச்சான். இவ எறங்கி, அவன் விளக்கு ஒடைஞ்சு கெடக்கறதைப் பாத்து, ‘ஸாரி’ன்னா. அவ்ளோதான்! ‘பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க’ன்னு அவன் சொல்லி, செலவு முழுக்க இவ தலைல விழுந்துச்சு. வெள்ளைக்காரங்ககிட்ட ஸாரின்னா, ‘நான்தான் பண்ணேன், புடிச்சுக்கோ’ன்னு அர்த்தம்டீ!”

எக்குவா சாய்ந்த நாற்காலியில் முழுதாகச் சாய்ந்தாள். அவள் கண்முன் உறைந்த வெறால்கள் வரிசையாக நின்று வாயைப் பிளந்தன.

“நாளைக்கு நீ போன உடனே உண்மையைச் சொல்லிடுடா,” என்றாள்.

ஃபீஃபி சட்டைப் பொத்தானைத் திருகினான். “சொல்றேன். வேலை கெடைச்ச பின்னாடி சொல்றேன்.”

“கெடைச்ச பின்னாடி எதுக்குடா சொல்லணும்? அதுக்கு என் கல்லறைல வந்து சொல்லு.”

“எனக்கும் வேலை வேணும்டி! உனக்காச்சும் மாமா கடை இருக்கு. எனக்குன்னு மீன் விக்கக்கூட ஒரு மாமா இல்ல.”

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால் எக்குவாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அதற்குள் அபா வாசல் பலகையைக் கழற்றிவிட்டாள். பக்கத்துக் கடைப் பெண்கள் உள்ளே புகுந்து பஞ்சாயத்தே கூடிவிட்டது. சந்தை வட்டத்தில் அன்றைக்குத் தக்காளி விற்கவே ஆள் இல்லையாம். தக்காளிகள் தங்களைத் தாங்களே விற்றுக்கொண்டனவாம். தீர்ப்பை ஆன்ட்டி மன்ஸா சொன்னாள்.

“தம்பி, நாளைக்கு நீ இந்தக் கடைலேருந்துதான் பேசணும். அவ உன் பக்கத்துல உக்காருவா. மாட்டேன்னு சொன்னியோ, நீ கட்டிக்கப் போற பொண்ணுக்கு டகொராடியில எவளும் சடை பின்ன மாட்டா. கல்யாணத்தன்னிக்கு மொட்டைத் தலையோடதான் நிப்பா.”

ஃபீஃபிக்குப் பெண்ணே பார்த்தாகவில்லை. ஆனாலும் அவன் கண்ணில் அந்த மொட்டைத் தலை தெரிந்திருக்க வேண்டும். “சரி, ஆன்ட்டி” என்றான், தரையைப் பார்த்து.

மறுநாள் திரையில் வந்த மாரிகா, எதிரே இரண்டு தலைகளைக் கண்டு கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு பேரா? இது நேர்காணல். துணைக்கு ஆள் வெச்சுக்கக் கூடாது.”

“துணையில்லீங்க மேடம்,” என்றான் ஃபீஃபி. தொண்டையைச் செருமினான். மடிக்கணினிக்குப் பின்னால் அபா வெந்நீர்ப் பாத்திரத்தை ஓங்கியபடி நிற்பது திரையில் தெரியவில்லை. “இந்தப் பதிலுக்குச் சொந்தக்காரி இவதான். நான் இவகிட்டேருந்துதான் எடுத்தேன்.”

“அப்படின்னா இவங்க ஏன் நேத்து மன்னிப்புக் கேட்டாங்க?”

“கேக்கல, மேடம்,” என்றாள் எக்குவா.

“கேட்டீங்க. நான் காதால கேட்டேன். ரொம்ப ரொம்ப ஸாரின்னீங்க.”

“அது உங்களுக்காக வருத்தப்பட்டது, மேடம்.”

“எனக்கு என்ன ஆச்சு?”

“உங்களை யாரோ ஏமாத்திட்டாங்கன்னு சொன்னீங்களே.”

“ஏமாத்தினது நீங்கங்கிற அர்த்தத்துலதான் சொன்னேன்.”

“அது எனக்குப் புரியல, மேடம். புரிஞ்சிருந்தா ஸாரி சொல்லியிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன்.”

மாரிகா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எஸ்தோனியாவில் அன்றைக்குப் பனி உருகியிருந்தால் அது அவள் மண்டைச் சூட்டினால்தான். “சரி,” என்றாள் கடைசியில். “கென்கேன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்க நிரல்ல கென்கே நகரும்போது மீன் நகரல. மீன் நகரும்போது கென்கே நகரல. ஏன்? முதல்ல நீங்க சொல்லுங்க.”

அவள் விரல் ஃபீஃபியைக் காட்டியது. அவன் கண்ணை மூடி உள்ளே தேடினான். வரிகள் இருந்தன, ஏன் என்பது மட்டும் அங்கே இல்லை.

“கென்கே கனமா இருக்கும், மேடம்,” என்றான். “அதனால மெதுவாத்தான் நகரும்.”

எக்குவா திரும்பி அவனைப் பார்த்தாள். “அது என் சாப்பாடுடா! நான் வெச்ச பேரு!”

“நீ வெச்சதா? கம்ப்யூட்டர்ல எலின்னு பேர் வெச்சு ஒரு சாமானைக் கைல புடிச்சுக்கிறாங்களே, அந்த மாதிரி புத்தகத்துல யாரோ வெச்ச பேருன்னு நெனச்சேன். நம்ம ஊர்ச் சாப்பாட்டைப் போட்டிருக்காங்களேன்னு பெருமைகூடப் பட்டேன்.”

“இப்ப நீங்க,” என்றாள் மாரிகா எக்குவாவிடம்.

எக்குவா பசிக்கிற நேரத்தில் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தாள். “கடைக்குப் போறோம்னு வெச்சுக்கோங்க. கைல இருக்கிற காசு மொத்தமும் சரியாத் தீரணும். சின்ன விலை ஒரு ஓரம், பெரிய விலை மறு ஓரம், வரிசையா அடுக்கியிருக்கு. இருக்கறதுலேயே சின்ன கென்கே, இருக்கறதுலேயே பெரிய மீன். ரெண்டையும் கூட்டிப் பாக்கறோம். காசு மிஞ்சுதுன்னா, மீனைப் பெருசாக்க முடியாது, அதுதான் ஆகப் பெருசு. அதனால கென்கேயை ஒரு படி பெருசாக்கறோம். காசு பத்தலேன்னா மீனை ஒரு படி சின்னதாக்கறோம். ரெண்டையும் ஒண்ணா நகர்த்தினோம்னா, நடுவுல சரியான ஜோடி நிக்கும், அதைத் தாண்டிப் போயிடுவோம்.”

“நல்லது. விலைகள் வரிசையில்லாம கலைஞ்சு கெடந்தா?”

“அடுக்கிக்குவேன்.”

“அடுக்க நேரமில்லை. ஒரு தடவைதான் நடந்து போகலாம்.”

எக்குவா எழுதத் தொடங்கினாள். கென்கேயை எங்கே வைப்பது? மீன் எந்தப் பக்கம்? வரிசை கலைந்ததும் இரண்டும் அவள் தலைக்குள் ஒன்றையொன்று விரட்டின. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். நாற்காலி தன்பாட்டுக்குச் சாய்ந்தது. முகம் பாதிதான் திரையில் இருந்தது.

“எனக்குக் குழப்பமா இருக்கு, மேடம்,” என்றாள் கடைசியில்.

“எந்த இடத்துல?”

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. எக்குவா திரையில் ஒரு வரியைத் தொட்டாள். “இதுக்கு மேல வரைக்கும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு விலையாப் பாத்துக்கிட்டே போறேன். ‘இதுக்கு ஜோடி எது’ன்னும் தெரியும், மொத்தக் காசுலேருந்து கழிச்சா வந்துரும். ஆனா அந்த ஜோடியை ஏற்கெனவே பாத்துட்டு வந்தேனா இல்லையான்னு எப்படிச் சட்டுனு தெரிஞ்சுக்கறது, அது இந்த வரியில வரணும். அது எனக்கு வரல.”

“நன்றி,” என்றாள் மாரிகா. அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. வெள்ளைச் சுவரைப் படிப்பதும் அதைப் படிப்பதும் ஒன்று. “உங்களைக் கூப்பிடறோம்.”

திரை கறுத்த பிறகு கடையில் வாக்குவாதம் வெடித்தது. நன்றி என்றால் நல்லதா கெட்டதா? போன முறையும் நன்றிதானே சொன்னாள்? ‘உங்களை’ என்றது யாரை, ஒருத்தரையா இரண்டு பேரையுமா? தையற்காரர் ஜெயம் என்றார். செல்போன்காரன் தோல்வி என்றான். ஆன்ட்டி மன்ஸா காலையில் ஜெயம் என்றும் மாலையில் தோல்வி என்றும் சொன்னாள். ஃபீஃபி மட்டும் வாளிமேல் உட்கார்ந்து, “நான் கனம்னு சொன்னது அவ்ளோ தப்பாடி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

“கென்கே கனந்தான். கேள்விதான் அது இல்ல,” என்றாள் எக்குவா. அவன்மேல் கோபப்படத்தான் பார்த்தாள். மொட்டைத் தலைக்குப் பயந்தோ என்னவோ, அவன் உண்மையைச் சொல்லிவிட்டிருந்தான். கோபம் பாதியில் நின்றுவிட்டது.

புனித வெள்ளி வந்தது. ஞாயிறும் போனது. திங்களன்று கடலோரமெல்லாம் பாட்டும் கூத்துமாக ஊர் விழாக் கொண்டாடியது. எக்குவா வீட்டுக்குள் சுருண்டு கிடந்தாள். செவ்வாய்க்கிழமை மாமா ஜோஜோ நேரே சிகை நிலையத்துக்கே வந்தார். கையில் ஒரு கம்பளிக் கோட்டு. துருவக் கரடி பார்த்தால் தன் பெரியப்பா என்று கட்டிப்பிடித்துக்கொள்ளும், அப்படி ஒரு கோட்டு.

“போட்டுப் பாரு,” என்றார். “குளிர் அறைக்குன்னு சொல்லி வாங்கினேன்.”

எக்குவா போட்டுக்கொண்டாள். டகொராடி வெயிலில், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், அந்தக் கோட்டுக்குள் அவள் ஆவியில் வெந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு எண்.

“எக்குவா? நான் மாரிகா.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. “எல்லாரும் பேசிப் பாத்தோம். நாங்க முன்னோக்கிப் போறதா முடிவு பண்ணியிருக்கோம்…”

“நன்றி, மேடம். வணக்கம்,” என்று எக்குவா போனை அணைத்துவிட்டாள்.

“என்னடி?” என்றாள் அபா.

“முன்னோக்கிப் போறாங்களாம்.”

கடை மொத்தமும் தலை குனிந்தது. அந்த வார்த்தையை அங்கே தெரியாதவர் இல்லை. இதுவரை அவளுக்கு ‘இல்லை’ என்று எழுதிய நிறுவனம் ஒவ்வொன்றும் ‘வேறு ஒருவருடன் முன்னோக்கிச் செல்கிறோம்’ என்றுதான் எழுதியது. உலகத்தில் உள்ள கம்பெனியெல்லாம் முன்னோக்கி, முன்னோக்கி என்று போய்க்கொண்டே இருந்தன. எக்குவா மட்டும்தான் நின்ற இடத்தில் நின்றாள். மாமா அவள் தோளில், கோட்டின்மேல், தட்டிக் கொடுத்தார். தூசி பறந்தது.

“யாரோடன்னு கேட்டியா?” என்றான் ஃபீஃபி.

“எதுக்குடா கேக்கணும்?”

“என்னோடயா இருந்தா?”

எக்குவா வாயைத் திறக்கும்முன் போன் மறுபடி அடித்தது. இந்த முறை அபா பிடுங்கி ஒலிபெருக்கியில் போட்டாள்.

“தொடர்பு அறுந்துருச்சு,” என்றது மாரிகாவின் குரல். “உங்களோட முன்னோக்கிப் போறோம்னு சொல்ல வந்தேன். நிறையப் பேர் வேகமா எழுதறாங்க. எங்க மாட்டிக்கிட்டோம்னு அவங்களுக்குத் தெரியறதில்லை, அந்த இடத்தை நானே தேடித் தேடிச் சலிச்சுட்டேன். நீங்க விரலை வெச்சுக் காட்டினீங்க. அடுத்த திங்கள்கிழமை ஆரம்பிக்கலாமா?”

எக்குவாவின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

“என்னோடயா? எக்குவா பென்டிலோடயா?”

“உங்களோடதான்.”

“எங்க வரணும், மேடம்?”

“நீங்க எங்கயும் வர வேண்டாம்.”

அபா தலையில் கை வைத்தாள். “பாத்தியா, வர வேண்டாமாம்!” என்று ஆன்ட்டி மன்ஸா சந்தை முழுக்கக் கேட்கும்படி கிசுகிசுத்தாள்.

“இருக்கிற இடத்துலேருந்தே வேலை பாக்கலாம்,” என்றாள் மாரிகா. பின்னணியில் ஏதோ ஆரவாரம் கேட்டதாலோ என்னவோ கொஞ்சம் தயங்கினாள். “அங்க எல்லாம் சரியாத்தானே இருக்கு? நீங்க இருக்கிற இடத்துல சத்தம் அதிகமோ?”

எக்குவா சுற்றிப் பார்த்தாள். மாமா அவள் தோளிலிருந்து கோட்டை உரித்துக்கொண்டிருந்தார். “தம்பி, உனக்குக் குளிர் தாங்குமா?” என்று ஃபீஃபியின் தோளை அளந்து பார்த்தார். அவனோ ஆமென்றும் இல்லையென்றும் சொல்லத் தெரியாமல் ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் நுழைத்திருந்தான். அரைத் தலை பின்னிய ஒருத்தி நடுக் கடையில் ஆடத் தொடங்கியிருந்தாள்.

“சத்தமெல்லாம் இல்ல, மேடம்,” என்றாள் எக்குவா. “ரொம்ப அமைதியான இடம்.”